கழுத்தின் இடப்பக்கம்

எலிக்குத் தொண்டை வலி வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளே எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும். இந்த ஃபிரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது, இது கொஞ்சம் மூக்கை அமுக்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொண்டை கட்டுவது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. தெருமுனை கிளினிக்கில் காட்டினாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சீசன் காய்ச்சல்தான், தானாகப் போய்விடும் என்று மாத்திரை கொடுத்தார்கள். போகவும் செய்தது. இரண்டொரு நாள் நன்றாகத்தான் இருந்தாள்.

எலி என்பது அவள் அப்பா வைத்த செல்லப் பெயர். அவர் லிஃப்ட் மெக்கானிக். தாயில்லாத பிள்ளையை வீட்டில் தனியாக விட மனமில்லாமல், பள்ளி விடுமுறையில் வேலைக்குக் கூடவே அழைத்துப் போவார். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்காரவைத்துவிட்டு வேலை பார்ப்பார். அவள் உட்கார மாட்டாள். ஏதாவது பெட்டிக்குப் பின்னாலிருந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். "எலி எங்க போச்சு" என்று அவர் ஸ்பானரைத் தட்டுவார். படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாண வீட்டிலேயே நாலு பேர் நடுவில் "எலி, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கப்பலேறிவிட்டான். வீட்டில் எலியும் மாமியாரும்தான். மாமியார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்த வட்டாரத்தில் வேன்காரம்மா என்றால்தான் தெரியும். விடிந்ததும் கிளம்பி, பிள்ளைகளை ஒவ்வொரு வாசலிலும் ஹாரன் அடித்து அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை இரும்பு மாதிரி ஆகியிருந்தது.

மெக்கானிக்குக்கும் வேன்காரம்மாவுக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமும் கிடையாது. பார்த்தால் "வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி" என்பார்கள். உட்கார்ந்த பிறகு பேச எதுவும் இருக்காது. எலி நடுவில் வந்து உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கமும் பேச்சு ஓடும்.

தொண்டை சரியான பிறகுதான் குளிர் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை. பல் கிட்டிக்கொள்ள, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. அடங்கியதும் உடம்பு கொதித்தது. கழுத்தின் இடப்பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு வீங்கியிருந்தது. தலையைத் திருப்ப முடியவில்லை.

"தலையணை சரியில்லாம படுத்திருப்ப. சுளுக்கிக்கிச்சு" என்றார் வேன்காரம்மா. வலி தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, அவளைத் தன் மடியோடு சாய்த்துக்கொண்டு, கழுத்தை மேலிருந்து கீழாக நீவிவிட்டார். எலி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேன்காரம்மா வீட்டுக்குத் திரும்பியபோது, எலி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அத்தை, மூச்சு இழுத்தா நெஞ்சுல கத்தி குத்தற மாதிரி இருக்கு."

வேன்காரம்மா அவளைத் தூக்கி வேனின் முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவசரப் பிரிவின் வாசலிலிருந்துதான் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். மெக்கானிக் அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே வந்தார். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பாகப் பதிந்தது.

அவசரப் பிரிவில் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படத்தில் இரண்டு நுரையீரலிலும் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. நிமோனியா என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். நடுவயதுப் பெண். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எலியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமே இல்லாதவர் போலக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணுச்சு?"

"தொண்டை வலி. அது சரியாயிடுச்சு டாக்டர்."

டாக்டர் அவள் கழுத்தின் இடப்பக்கம் இரண்டு விரலை மெதுவாக வைத்தார். எலி துள்ளினாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு, ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கழுத்தில் ஜெல்லியைத் தடவி, கருவியை அமுக்காமல் நகர்த்தினார். திரையில் வலப்பக்க ரத்தக் குழாய் கறுப்பாக, திறந்து மூடித் தெரிந்தது. இடப்பக்கத்துக்கு வந்ததும் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

வெளியே வந்து சம்பந்திகள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "தொண்டையில இருந்த கிருமி பக்கத்துல இருக்கற பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போயிருக்கு. தலையிலேருந்து ரத்தம் கீழ இறங்கற குழாய் அது. அங்க ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அந்தக் கட்டிக்குள்ளயே கிருமி குடியேறிடுச்சு. அதுலேருந்து துணுக்கு துணுக்கா பிரிஞ்சு நுரையீரலுக்குப் போகுது. நெஞ்சு வலி அதனாலதான்."

"தொண்டை வலியிலேருந்தா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா. ரொம்ப அபூர்வம். வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் வரும். நானே ஒண்ணு ரெண்டுதான் பார்த்திருக்கேன். ஆரம்பத்துல பார்க்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது."

"கட்டியை அறுத்து எடுத்துட முடியாதா?"

"அது ரொம்ப முடியாத கட்டத்துல. முதல்ல மருந்து. நரம்பு வழியா, வாரக்கணக்கா போகணும். கட்டிக்குள்ள மருந்து சுலபமா நுழையாது. அதனால பொறுமை வேணும்."

மெக்கானிக் தலையாட்டினார். அடைப்பு, குழாய், துணுக்கு என்பதெல்லாம் அவருக்குப் புரிகிற வார்த்தைகள். எந்த மெஷினாக இருந்தாலும் எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மகளின் உடம்பில் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்பதில் அன்று அவருக்கு ஒரு தெம்புகூட வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். காலையில் மெக்கானிக், வேன் வேலை முடிந்ததும் வேன்காரம்மா, மாலையில் மறுபடி மெக்கானிக் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று ஆடும். முதலில் வருகிறவர் அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நல்லதை மற்றவருக்கு விட்டுவைப்பார். இரண்டு பேரும் அதையே செய்ததால் நல்ல நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

எலிக்கு வலப்பக்க விலாவில் ஒரு குழாய் செருகினார்கள். நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த சீழ் அதன் வழியே ஒரு பெட்டியில் வடிந்தது. ரத்தத்தில் இருந்த கிருமியின் பெயர் தெரிந்ததும் மருந்தை மாற்றினார்கள். சில நாளில் நடுக்கம் நின்றது. உதட்டில் நிறம் வந்தது. ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டாள். பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இருந்தது.

மாப்பிள்ளை கடல் நடுவிலிருந்து பேசினான். படம் உறைந்து உறைந்து வந்தது. "என்ன இது, நான் இல்லாத நேரமா பார்த்துப் படுத்துக்கிட்ட" என்று அவன் சிரிக்க முயன்றதில் பாதிதான் வந்து சேர்ந்தது. அடுத்த துறைமுகம் வர நாளாகும், வந்ததும் இறங்கிவிடுவேன் என்றான்.

அன்று மாலை மெக்கானிக் மகளின் தலையை வாரிவிட்டார். அவருக்கு வாரத் தெரியும். பள்ளி நாட்களில் தினமும் வாரியவர். கழுத்துப் பக்கம் வந்தபோது சீப்பை நிறுத்தினார்.

"இங்க இன்னும் வலிக்குதா?"

"இப்ப பரவாயில்லப்பா. அன்னிக்குத்தான் உயிர் போச்சு. அத்தை மடியில போட்டு நல்லா அழுத்தி நீவி விட்டாங்க. அவங்க கை என்ன வலு தெரியுமா."

மெக்கானிக் சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனார். தாழ்வாரத்தில் டாக்டரைப் பிடித்தார்.

"டாக்டர், அந்த இடத்துல அழுத்தித் தேய்ச்சா கட்டி உடையுமா?"

டாக்டர் நின்றார். எதற்குக் கேட்கிறார் என்று புரிந்திருக்க வேண்டும். "தேய்க்கக் கூடாதுதான். ஆனா அது தேய்க்காமலே உடையற கட்டி. அந்தக் குளிர் நடுக்கம் வந்துச்சே, அப்பவே கிருமி ரத்தத்துல கலந்தாச்சு. இதனாலதான் அதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

மெக்கானிக்கின் காதில் முதல் இரண்டு வார்த்தைகளைத் தவிர எதுவும் ஏறவில்லை.

மறுநாள் கேன்டீனில் வேன்காரம்மா அவருக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து வைத்தார். மெக்கானிக் அதைத் தொடவில்லை.

"சுளுக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

வேன்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சல்ல கிடக்கற பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம, கழுத்தைப் போட்டு மாவு பிசையற மாதிரி பிசைஞ்சிருக்கீங்க. நீங்க தேய்க்காம இருந்திருந்தா அது கழுத்தோட நின்னிருக்கும். நெஞ்சுக்குப் போயிருக்காது."

கேன்டீனில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேன்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தன் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பள்ளி விடுகிற நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகும் வேன்காரம்மா தினமும் வந்தார். துவைத்த உடைகளைக் கொண்டுவந்து நர்ஸிடம் கொடுப்பார், வெளியே இருந்தபடியே விசாரிப்பார், போய்விடுவார். வார்டில் முறை வைக்கிற கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் உள்ளே வருவதில்லை. எலி கவனித்துவிட்டாள்.

"அப்பா, அத்தை ஏன் உள்ள வர மாட்டேங்கறாங்க?"

"வேன் ரிப்பேர்னு சொன்னாங்க. அலைச்சல்."

"பொய் சொன்னா உங்களுக்குக் காது துடிக்கும்."

மெக்கானிக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, மறைக்க முடியாமல், சொன்னதைச் சொன்னார். எலி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேசும்போது மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நான் வலியில அழுதுட்டு இருந்தேன். உங்களைக் கூப்பிடலாமான்னு நினைச்சேன், வேலையில இருப்பீங்கன்னு கூப்பிடல. அவங்களா வந்து மடியில போட்டுக்கிட்டாங்க. அம்மா இருந்தாலும் அதைத்தானே பண்ணியிருப்பாங்க. எனக்கு நினைவு தெரிஞ்சு யாரும் என்னை மடியில போட்டுக்கிட்டதில்லப்பா. நீங்க தலை வாருவீங்க, சோறு போடுவீங்க, மடியில போட்டுக்கத் தெரியாது உங்களுக்கு."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களைக் குறை சொல்லல. போய்க் கூட்டிட்டு வாங்க."

மெக்கானிக் வெளியே போனார். வேன்காரம்மா படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கைப்பையில் எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தார். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. "உங்களைக் கூப்பிடறா" என்று மட்டும் சொன்னார். வேன்காரம்மா அவரைத் தாண்டி உள்ளே போனார். மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தார். மருமகளின் கட்டிலருகே போன மாமியார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எலிதான் எட்டி, ஒரு கையை இழுத்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நன்றாக இருந்த நாட்கள் என்று பிறகு அவர்கள் நினைத்துக்கொண்டது அந்தக் கொஞ்ச நாட்களைத்தான். எலி கண்ணாடி போட்ட நர்ஸைப் பார்த்து, "மூக்கு மேல உட்கார்ற இந்தப் பிரிட்ஜ் உங்களுக்கு அகலம், அதான் வழுக்குது, கடைக்கு வாங்க, மாத்தித் தரேன்" என்றாள். வேன்காரம்மா வேனில் நடக்கிற பிள்ளைகளின் சண்டையையெல்லாம் நடித்துக் காட்டினார். மெக்கானிக்கூட ஒருநாள், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர் வெளியே வந்ததும் லிஃப்டுக்கு நன்றி சொன்ன கதையைச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள். விலாவில் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்றாள் எலி.

பிறகு தலைவலி என்றாள். இடக்கண்ணுக்குப் பின்னால் என்றாள். காய்ச்சல், விட்ட மாதிரி இருந்தது, மறுபடி ஏறியது. வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலை மூடச் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்த கையோடு தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

கட்டி கீழே கரைவதற்குப் பதிலாக மேலே வளர்ந்திருந்தது. கழுத்துக் குழாயிலிருந்து மண்டைக்குள் ஏறிவிட்டது. மூளையிலிருந்து ரத்தம் வடிகிற பாதையை அது அடைக்கத் தொடங்கியிருந்தது.

டாக்டர் இந்த முறை தன் அறைக்குக் கூப்பிட்டார். தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரும் இருந்தார்.

"ரத்தம் மேல உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கு. ரத்தத்தை நீர்க்க வைக்கறது" என்றார் டாக்டர். "இதுவரைக்கும் நாங்க கொடுக்கல. இந்த நோய்க்கு அதைக் கொடுக்கணுமா வேண்டாமாங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே ஒரே முடிவு கிடையாது. கொடுக்காமலே நிறையப் பேர் பிழைச்சிருக்காங்க. ஆனா இப்ப கட்டி வளருது. கொடுக்கலாம்னு நான் நினைக்கறேன்."

"கொடுத்தா?"

"கட்டி வளர்றது நிக்கலாம். ஆனா கிருமி இருக்கற இடத்துல குழாயோட சுவர் பலவீனமா இருக்கும். ரத்தம் கசியற ஆபத்து இருக்கு. தலைக்குள்ள கசிஞ்சா..." டாக்டர் அதை முடிக்கவில்லை.

"கொடுக்காட்டி?"

"அடைப்பு முழுசா ஆயிடலாம்."

அறுவை சிகிச்சை நிபுணர் குழாயைக் கழுத்தில் கட்டிவிடுவது பற்றிச் சொன்னார். மேலே ஏறிவிட்ட பகுதிக்கு அதனால் பயன் இருக்காது என்று அவரே சொல்லி முடித்தார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கப்பலின் எண் கிடைத்து, யாரோ எடுத்து, அவனைக் கூட்டிவந்தார்கள். பின்னால் என்ஜின் இரைந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன், "மாமா, நான் இங்கேருந்து என்ன சொல்றது. நீங்க பக்கத்துல இருக்கீங்க. நீங்க சொல்றதுதான்" என்றான். அதோடு சத்தம் நின்றது. இணைப்பு அறுந்ததா, அவனே வைத்துவிட்டானா, தெரியவில்லை.

மெக்கானிக் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வேன்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் அப்படிப் பேசியவரிடம் இப்போது எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அந்த அம்மா பயப்படுவது மெக்கானிக்குக்கு அப்போது புரிந்தது. அந்த வாயைத் தான்தான் அடைத்துவிட்டோம் என்பதும் புரிந்தது.

"டாக்டர், உங்க பொண்ணா இருந்தா?"

"கொடுப்பேன்" என்றார் டாக்டர். "ஆனா என் கை நடுங்கும்."

"சரி" என்றார் மெக்கானிக். "கொடுங்க."

எலியிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்குச் சரின்னு படுதாப்பா?"

"படுது."

"அப்ப சரி."

மருந்து ஏறத் தொடங்கியது. மணிக்கொரு தரம் வந்து கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் தலைவலி குறைந்தது. அவளே ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வேன்காரம்மா அவள் பாதத்தை மட்டும் பிடித்துவிட்டார், அதையும் நர்ஸைக் கேட்டுவிட்டு. அடுத்த நாள் காலை, மெக்கானிக் ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அப்பா, ரெண்டு ரெண்டா தெரியறீங்க" என்றாள். அவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அவள் வாயின் ஒரு ஓரத்தில் சூப் வழிந்தது. அவர் துடைத்தார். மறுபடியும் வழிந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். மருந்தை நிறுத்தினார்கள், அதை முறிக்கிற மருந்தைக் கொடுத்தார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மண்டையைத் திறந்தார்கள். அதன்பிறகு எலி கண் திறக்கவில்லை. மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவில், நெஞ்சில் காற்றை மெஷின் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், வேன்காரம்மா உள்ளே இருந்த நேரத்தில், எல்லாம் அடங்கியது.

டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்து, அந்த ஆடும் நாற்காலியில் இருந்த மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார். அதைச் சொல்லிப் பழகியவர் மாதிரி இல்லை.

டாக்டர் போன பிறகு வேன்காரம்மா வெளியே வந்தார். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் சரின்னேன்" என்றார். "வேண்டாம்னு சொல்லியிருந்தா இருந்திருப்பா."

வேன்காரம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். கேன்டீனில் கேட்டது அப்படியே நெஞ்சில் இருந்தது. அதை ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். காலியாக இருந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்" என்றார். "வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க முந்திக்கிட்டீங்க."

மெக்கானிக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வேன்காரம்மா அவரைத் தொடவில்லை. அழாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு தானும் அழுதார்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாளாகியிருந்தது. வீட்டுக்குள் வந்து, பையைக்கூட இறக்காமல், எப்படி ஆச்சு என்று கேட்டான். இரண்டு பேரும் அவனிடம் எதையும் மறைக்கவில்லை. அம்மா நீவிவிட்டதைச் சொன்னார். மாமா சரி என்றதைச் சொன்னார். டாக்டர் சொன்னதையும், சொல்ல முடியாது என்றதையும் சொன்னார்கள். யார் மேலாவது கோபப்பட அவனுக்கு ஆசையாக இருந்தது. அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "தொண்டை வலிம்மா" என்றான். "தொண்டை வலிக்குதுன்னு மெசேஜ் போட்டா. நான் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இருந்த நாட்களில் அவள் உடைகளைத் தானே மடித்தான், தானே கலைத்தான். விடுப்பு முடிவதற்கு முன்பே கப்பலுக்குத் திரும்புகிறேன் என்றான். அம்மா தடுத்துப் பார்த்தார். "இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் அவதான்மா. அங்க இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது" என்றான்.

துறைமுகத்துக்கு அவனை வேனில்தான் கொண்டுபோனார்கள். மெக்கானிக்கும் போனார். வாயில் கதவருகே மாப்பிள்ளை அம்மாவைக் கட்டிக்கொண்டான். மாமாவிடம் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு அவர் சட்டைப் பித்தான் ஒன்று திறந்திருந்ததைப் போட்டுவிட்டான். "உடம்பைப் பார்த்துக்குங்க மாமா." அவன் உள்ளே போய் மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. மெக்கானிக் வேனின் பின்னால், பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வந்து உட்காரலாமே சம்பந்தி" என்றார் வேன்காரம்மா, கண்ணாடியில் பார்த்து.

மெக்கானிக் முன்சீட்டைப் பார்த்தார். எலியை அதில் உட்காரவைத்துத்தான் வேன்காரம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்பது இருவருக்கும் தெரியும். "இங்கயே இருக்கேன்" என்றார்.

கொஞ்ச தூரம் போனது. சிக்னலில் வண்டி நின்றபோது மெக்கானிக் கேட்டார். "இன்னும் சம்பந்தின்னு கூப்பிடலாமா? நமக்கு நடுவுல இருந்தவ போயிட்டாளே."

பச்சை விழுந்தது. வேன்காரம்மா கியரை மாற்றினார்.

"எனக்குத் தெரியல" என்றார். "வேற என்னன்னு கூப்பிடறதுன்னும் தெரியல. வாயில அதுதான் வருது."

பள்ளி விடுகிற நேரம் நெருங்கியிருந்தது. வீட்டில் இறக்கிவிட்டுப் போனால் தாமதமாகும் என்றார் வேன்காரம்மா. பரவாயில்லை, எனக்கும் வீட்டில் ஒன்றும் அவசரமில்லை என்றார் மெக்கானிக். பள்ளி வாசலில் கதவு திறந்ததும் பிள்ளைகள் கூச்சலோடு ஏறினார்கள். தங்கள் இடத்தில் ஒரு பெரியவர் மடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள். ஒரு சிறுமி, இடமில்லாததால், தன் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பை கனமாக இருந்தது. மெக்கானிக் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வேன்காரம்மா திரும்பி எண்ணிக்கை சரிபார்த்தார். கதவை அடித்துச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். முதல் வாசலில் ஹாரன் அடித்தபோது உள்ளேயிருந்து ஒரு தாய் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். ஒரு பையன் இறங்கினான். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது.